பென்சில் கணக்கு

பேனா மை உறைந்துவிடும் என்பதால்
பென்சிலால்தான் எழுதுகிறோம் டிசம்பர் கணக்கை.
அழித்துத் திருத்தலாம் என்பது
அரசாங்கம் யோசிக்காமல் தந்த வசதி.

குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு.
ஐந்து கட்டம், கீழே ஒரு கையெழுத்து.
மங்கோலியச் சமவெளியில் பழைய ரஷ்ய ஜீப்பை உருட்டி
நாற்பது கூடாரம் முடிப்பதற்குள்
இமைமயிரில் பனி கட்டிவிடும்.

கோம்போசுரேன் பட்டியில் நானே நின்று எண்ணினேன்.
ஒவ்வொன்றாய் வாசலில் விட்டான்.
நாய் குரைத்து இரண்டு முறை குழம்பி
மூன்றாம் முறை வந்தது:
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு.

ஆயிரம் இருந்தால் பதக்கம்.
உப்புத் தேநீரை என் பக்கம் நகர்த்தி,
"சினையாய் நிறைய நிற்கின்றன," என்றான்.
"வயிற்றில் இருப்பது உயிரில்லையா?"
படிவத்தில் வயிற்றுக்குக் கட்டம் இல்லை.
அவன் மனைவி அடுப்பில் வறட்டி வைத்தபடி
சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.
ரப்பரை எடுத்தேன்.

ஆற்றுக்கு அப்பால் லுவ்சன்தோர்ஜ்
"நானூறு" என்றான், எண்ண விடாமல்.
குன்றின் பின்னால் இன்னொரு மந்தை
பனித்தூளைக் கிளப்பிக்கொண்டு போனது.
வரிக்கு நானூறு.
போன மாதம் வங்கிக் கடனுக்கு அறுநூற்றைம்பது.
மகள் சம்பந்தத்துக்கு எவ்வளவு சொன்னானோ.
எழுதிக்கொண்டேன்.
குளிர். அடுத்த வீடு இருபது கிலோமீட்டர்.

செவெல்மா வாசலுக்கே வந்து சொன்னாள்: பன்னிரண்டு.
பன்னிரண்டும் உள்ளேதான் இருந்தன,
இரண்டு அவள் கட்டிலுக்கடியில்.
அன்றைக்கு நான் எழுதியதில்
சந்தேகமில்லாத ஒரே எண்.

ஜனவரியில் தலைநகரத் தொலைக்காட்சியில்
இத்கெல் என்ற அதிகாரி பேசினான்.
நல்ல சட்டை.
இத்கெல் என்றால் எங்கள் மொழியில் நம்பிக்கை;
பெற்றவர்கள் வைத்தது, அவன் என்ன செய்வான்.
எங்கள் வட்டாரத்தில் குடும்பத்துக்குச் சராசரி
முந்நூற்றெண்பத்தாறு புள்ளி நான்கு என்றான்.
அந்தப் புள்ளிக்கு அப்பால் எங்கோ
பிறக்காத மூன்று குட்டிகள் மேய்ந்துகொண்டிருந்தன.
அவன் பொய் சொல்லவில்லை.
கூட்டினான், வகுத்தான், வகுத்தது சரி.
செவெல்மா வீட்டில் தொலைக்காட்சி இல்லை,
தனக்கு முந்நூறு ஆடு வந்த சேதி
அவளுக்கு இன்றுவரை தெரியாது.

பிப்ரவரியில் பனிமேல் மழை பெய்து
கண்ணாடியாய் இறுகியது.
அடியில் புல் தெரிந்தது.
கண்ணுக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

புல்கட்டு ஏற்றிய லாரிகள் வந்தன.
பட்டியலைப் பார்த்துத்தான் இறக்கினார்கள்,
என் பட்டியலை.
வராத லாரியைவிட அது மேல் என்பதையும்
இங்கே எழுதியாக வேண்டும்.
கோம்போசுரேனுக்கு மூன்று ஆட்டுப் பங்கு அதிகம்.
செவெல்மாவுக்கு ஒன்றேகால் கட்டு;
அந்தக் காலைக் கத்தியால் அறுத்துக் கொடுத்தார்கள்.
லுவ்சன்தோர்ஜுக்கு நானூற்றுக்கு உரியது.
அவன் என் சட்டையைப் பிடிக்கவில்லை.
கட்டுகளை ஒருமுறை எண்ணி, மறுபடி எண்ணி,
குன்றைப் பார்த்தான்.

"புள்ளிவிவரம் எல்லாம் புளுகு" என்கிறார்கள் சந்தையில்,
அந்தப் புல் தின்று பிழைத்த மாட்டின்
பாலை விற்றுக்கொண்டே.
எனக்கு அப்படித் தள்ளிவிட முடியவில்லை,
தலையில் வைத்து ஆடவும் முடியவில்லை.
யாராவது ஓர் எண்ணை நீட்டினால்
வாசலில் நின்றது யார், என்கிறேன்.
எத்தனை டிகிரி குளிர்.
தேநீர் ஊற்றியது யார்.

ஏப்ரலில் செத்தவற்றின் கணக்கு.
சுலபம் அது, எதுவும் அசையாது.
லுவ்சன்தோர்ஜின் குவியலை
இருவரும் சேர்ந்தே எண்ணினோம்.
நானூற்றில் ஐந்நூற்றிருபது செத்திருந்தன.
பட்டியில் இன்னும் எழுபது
மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பிறகு பென்சிலையும் ரப்பரையும்
அவனிடமே கொடுத்தேன்.
மடியில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தான்,
ஆடுகளை அல்ல.